தென்கிழக்கு பார்த்த கம்பி

மொட்டைமாடியில் நின்ற பழைய டி.வி. ஆண்டெனாவில் வயர் இணைந்திருந்தது ஒரே ஒரு கம்பியில்தான். நடுவில் வளைத்து மடக்கிய மாதிரி இருக்குமே, அதில். அதற்கு முன்னும் பின்னும் மீன்முள் போல வரிசை கட்டிய அலுமினியக் குழாய்களுக்கு வயரும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. காக்கை உட்கார்ந்து ஒன்றிரண்டு கழன்று விழுந்தாலும் படம் ஓரளவு வந்துகொண்டிருக்கும் என்பதால், அவை அழகுக்கு வைத்தவை என்று நினைத்த வீடுகள் உண்டு. ஆண்டெனாவின் வித்தை முழுவதும் அந்தச் சும்மா நிற்கிற குழாய்களில்தான் இருக்கிறது.

வானில் வருகிற அலையின் நீளத்தில் பாதி அளவுக்கு ஒரு கம்பியை வெட்டி நிறுத்தினால் அது அந்த அலையை வாங்கிக்கொள்ளும். ஆனால் முன்னாலிருந்து வருவதையும் வாங்கும், பின்னாலிருந்து வருவதையும் வாங்கும். அதன் பின்னால் கொஞ்சம் நீளமான இன்னொரு கம்பியை நிறுத்துங்கள். அதுவும் அலையை வாங்கித் திரும்ப வீசும். வீசுகிற நேரம் சற்று முன்பின்னாவதால், பின்னாலிருந்து வருகிற அலையை அடித்துவிடும்; முன்னாலிருந்து வருவதற்குத் தோள் கொடுக்கும். முன்பக்கம் கொஞ்சம் குட்டையான கம்பிகளை நிறுத்தினால், அவை அலையை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி நடுக்கம்பிக்குக் கொண்டுவந்து சேர்க்கும். நீளத்தில் சில அங்குலம், இடைவெளியில் சில அங்குலம், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் இப்போது அந்தக் கம்பிக் கூட்டத்துக்கு ஒரு முகமும் ஒரு முதுகும் வந்துவிட்டன. யார் யார் அதை எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் அதுவே ஒரு வரலாறு.

அது பிறந்தது ஜப்பானின் வடகிழக்கில், செண்டாய் நகரத்து தோஹோகு பேரரசுப் பல்கலைக்கழகத்தில். பேராசிரியர் ஹிதெத்சுகு யாகி ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பயின்று திரும்பியவர். சிற்றலைகளை ஒரே திசையில் குவிக்க முடியுமா என்ற யோசனை அவருடையது. அதைச் சோதனைக்கூடத்தில் உட்கார்ந்து அளந்து, வெட்டி, மறுபடி அளந்து உருவாக்கியவர் அவருக்குக் கீழே வேலை பார்த்த இளைஞர் ஷின்தாரோ உடா. 1926இல் இருவர் பெயரிலும் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை வந்தது. அதன்பின் உடா ஜப்பானிய மொழியில் தொடர்ந்து பதினொரு கட்டுரைகள் எழுதினார். அவற்றை வெளிநாட்டில் படித்தவர் அநேகமாக யாருமில்லை. 1928இல் யாகி அமெரிக்க வானொலிப் பொறியாளர் சங்கத்தின் இதழில் எழுதிய கட்டுரையை உலகம் படித்தது. அதில் அவர் உடாவின் பங்கைச் சொல்லித்தான் இருக்கிறார். ஆனாலும் காப்புரிமை யாகி பெயரில், ஊர் வாயிலும் யாகி. புத்தகங்கள் இப்போது ‘யாகி-உடா’ என்று சேர்த்தே அச்சிடுகின்றன. கடைக்காரர் இன்னமும் யாகி என்றுதான் சொல்கிறார்.

உடா அந்த நாளில் சோதித்த அலையின் நீளம் 4.4 மீட்டர். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 68 மெகாஹெர்ட்ஸ் வரும். பிற்காலத்தில் இந்தியாவில் டி.வி.க்கு ஒதுக்கிய முதல் அலைப்பட்டை 47இல் தொடங்கி 68இல் முடிகிறது. செண்டாயில் அவர் வெட்டிய ஏழடிக் கம்பியும் நம் மாடிகளில் நின்ற நீளக் கம்பியும் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருந்தது இதனால்தான்.

ஜப்பானில் அதற்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை கடல் தாண்டுவது. 1930களின் தொடக்கத்தில் சகாதா துறைமுகத்திலிருந்து தோபிஷிமா தீவுக்குச் சுமார் 40 கிலோமீட்டர் கடல்மேல் தொலைபேசிப் பேச்சைக் கொண்டுபோயிற்று. அதற்கப்பால் உள்ளூரில் பெரிய வரவேற்பு இல்லை. அமெரிக்காவில் அதன் காப்புரிமை 1932இல் பதிவானபோது ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. பிரிட்டிஷ்காரர்கள் ரேடாரில் அதைப் பொருத்தினார்கள். ஜப்பானியப் படைத்தலைமைக்கோ, தானே அலை வீசித் தன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவி எதற்கு என்ற நினைப்பு.

பிப்ரவரி 1942இல் சிங்கப்பூர் விழுந்தது. பிரிட்டிஷ் விமான எதிர்ப்புப் படையினர் விட்டுப்போனவற்றில், நியூமன் என்ற ரேடார் சிப்பாயின் குறிப்பேடு ஒன்று ஜப்பானியர் கையில் சிக்கியது. தேடொளி விளக்கை விமானத்தின் பக்கம் திருப்பும் ரேடார் பற்றிய குறிப்புகள். அதில் திரும்பத் திரும்ப ‘யாகி’ என்று ஒரு சொல். ஜப்பானியப் பொறியாளர்களுக்கு அது என்னவென்று விளங்கவில்லை. அதை எப்படி உச்சரிப்பது என்றுகூடத் தெரியவில்லை. கைதி முகாமில் நியூமனைத் தேடிப்பிடித்துக் கேட்டார்கள். அவர் வியந்து, அது இந்த ஆண்டெனாவைக் கண்டுபிடித்த உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயர் என்றாராம். நியூமன் சொன்னதைக் கேட்டு எதிரில் இருந்தவர்களின் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எந்தக் குறிப்பேட்டிலும் இல்லை.

மூன்று ஆண்டு கழித்து ஹிரோஷிமா மீதும் நாகசாகி மீதும் விழுந்த குண்டுகளின் உடம்பில் சிறிய யாகி ஆண்டெனாக்கள் இருந்தன. தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வெடிக்க வேண்டும் என்று அளக்கும் ரேடாருக்காகப் பொருத்தியவை. ஹிரோஷிமா குண்டு சுமார் 580 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அந்த ஆண்டெனாக்களின் முகம் கீழே, ஊரைப் பார்த்திருந்தது.

போர் முடிந்து டி.வி. வந்தது. 1952இல் யாகி தன் பெயரிலேயே ஆண்டெனா நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்; அடுத்த பிப்ரவரியில் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனம் என்.எச்.கே. டி.வி. ஒளிபரப்பைத் தொடங்கியது. அறுபத்தைந்து வயது தாண்டிய மனிதர் தன் காப்புரிமைக்கு வராத காசைக் கடைசியில் வியாபாரத்தில் பிடித்தார் என்றால் தப்பில்லை. உடா வேறு பக்கம் வந்தார். 1950களின் பிற்பாதியில் ஐ.நா. அமைப்பின் நிபுணராகச் சில ஆண்டுகள் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருந்தார். செப்டம்பர் 15, 1959இல் டெல்லியில் இந்தியாவின் முதல் ஒளிபரப்பு சோதனை முயற்சியாகத் தொடங்கியது. மீன்முள் நம் நாட்டுக் கூரைக்கு ஏறுவதற்கு முன்பே அதைச் செதுக்கியவர் வந்துவிட்டுப் போயிருக்கிறார். இந்தத் தகவல் நம் ஊரில் அதிகம் பேசப்படாதது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. யாகி, உடா இருவரும் ஒரே ஆண்டில், 1976இல் காலமானார்கள்.

சென்னையில் ஒளிபரப்பு தொடங்கியது ஆகஸ்ட் 15, 1975இல். நகரத்தையும் சுற்றுவட்டாரத்தையும் தாண்டாத ஒளிபரப்பு. திருநெல்வேலிக்கும் ராமநாதபுரத்துக்கும் சென்னை டி.வி. என்பது சென்னைக்குப் போய்வந்த சொந்தக்காரர் சொல்லும் கதை. வெள்ளிக்கிழமைத் திரைப்பாட்டு நிகழ்ச்சி ‘ஒளியும் ஒலியும்’ பற்றிக் கேள்விப்பட்டதோடு சரி.

பிறகு பிப்ரவரி 15, 1982 வந்தது. இலங்கையில் அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கியது. கொழும்பில் கலையகம், நுவரெலியாவுக்கு மேலே, தீவின் மிக உயரமான சிகரமான 2,524 மீட்டர் பிதுருதலாகலை மலையுச்சியில் ஒளிபரப்பி. கட்டிக்கொடுத்தது ஜப்பான், அன்பளிப்பாக. இலங்கை மக்களுக்குக் கொடுத்த அன்பளிப்பில் ஒரு பங்கு மன்னார் வளைகுடா தாண்டி இந்தப் பக்கமும் விழும் என்று யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள்.

கணக்குப்படி விழக்கூடாது. அவ்வளவு உயரத்திலிருந்து புறப்பட்டாலும், பூமியின் வளைவு காரணமாக அந்த அலைக்கு அடிவானம் 200 கிலோமீட்டர் சொச்சத்தில் முடிந்துவிடுகிறது. ராமேஸ்வரம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தள்ளி, தூத்துக்குடி ஏறக்குறைய 350. மிச்சத் தூரத்தைக் கடக்க வைத்தது கடல். வெயில் தணிந்த, காற்று அடங்கிய மாலையில் கடல்மட்டத்தை ஒட்டிக் குளிர்ந்த ஈரக்காற்று படுத்திருக்கும். அதற்கு மேலே சூடான வறண்ட காற்று. இரண்டும் சேரும் இடம் அலைக்கு ஒரு கூரையாகிவிடும். மேலே தப்பிக்க வேண்டிய அலை கீழே மடங்கி, நீர்ப்பரப்பை ஒட்டியபடி குழாயில் போவது போலப் போகும். ஆகவே கோடையில் கொழும்பு பளிச்சென்று வந்தது. ஆடிக் காற்று கிளம்பியதும் அந்த அடுக்குகள் கலைந்து படம் போய்விடும். காற்று சில சமயம் கம்பத்தையே வேறு பக்கம் திருப்பியும் வைத்துவிடும்.

அந்த நிச்சயமின்மைக்கு எதிராகக் கரையோர மக்கள் கட்டியது உயரம். நாற்பது அடி, ஐம்பது அடி இரும்புக் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி நிறுத்தி, மூன்று பக்கமும் இழுவைக் கம்பி கட்டி, உச்சியில் பத்துக் கம்பி, பன்னிரண்டு கம்பி யாகி. அதன் கழுத்தில் பூஸ்டர். கீழே டி.வி. பக்கத்திலிருந்து அதே வயர் வழியாக அதற்கு மின்சாரம் மேலே போகும். அது பிடித்த சிக்னல் அதே வயரில் கீழே வரும். பூஸ்டர் படத்தைப் பெருக்குவது போலவே இரைச்சலையும் பெருக்கும் என்பதால், மேலே கொஞ்சமாவது சுத்தமாகப் பிடித்தால்தான் பயன். உப்புக்காற்றில் மூட்டுகள் பூத்துப்போகும். வருடத்துக்கு ஒருமுறை இறக்கிச் சுரண்டி மறுபடி முறுக்க வேண்டும். ரேடியோ ரிப்பேர் கடைக்காரர்கள் ஆண்டெனா கட்டுபவர்களாக மாறியது இப்படித்தான். பொறியியல் படித்தவர்கள் எழுதிவைத்த அளவுகளை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். பக்கத்துத் தெருவில் நன்றாக வரும் ஆண்டெனாவைக் கயிறு பிடித்து அளந்து அப்படியே வெட்டினார்கள். அளந்து வெட்டியது என்ற அளவில் செண்டாயில் உடா செய்ததும் அதுவே.

கட்டியபின் திருப்புவது குடும்ப வேலை. மாடியில் அண்ணன், சன்னலோரம் தங்கை, பெட்டி முன்னால் அப்பா. மூவரும் ஒரு தந்திக் கம்பி.

“வருதா?”

“புள்ளி புள்ளியா வருதுண்ணே!”

“இப்ப?”

“ஐயோ, போயிருச்சு. முன்ன இருந்தாப்லயே வைண்ணே!”

முன்ன இருந்த இடம் அண்ணனுக்கு எப்படித் தெரியும்? கடைசியில் குழாயில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வைத்தார்கள். அந்தக் கோடு ராமநாதபுரத்தில் தென்கிழக்கைக் காட்டியது, தூத்துக்குடியில் இன்னும் சற்றுக் கிழக்கே தள்ளி. திசைகாட்டி இல்லாத தெருக்களில் எல்லா வீட்டு ஆண்டெனாவும் ஒரே பக்கம் பார்த்து நின்றன. அப்படி நின்றதால் முதுகு தானாக வடக்கும் மேற்கும் பார்த்தது. அந்தப் பக்கம்தான் சென்னையும் டெல்லியும்.

பார்த்தது என்ன? தமிழ்ச் செய்தி கொஞ்சம், அர்த்தம் புரியாத சிங்கள நாடகம், ஆங்கிலத் தொடர், கிரிக்கெட், விளம்பரம். மொழி ஒரு தடையாக இருந்ததாகத் தெரியவில்லை. இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அக்கரைக் குரல் புதிதல்ல. குரலுக்கு இப்போது முகம் வந்தது, அதுவும் கலரில். 1984 வாக்கில் தூர்தர்ஷனின் சிறிய ஒளிபரப்பிகள் ஊர் ஊராக முளைத்தபோது அவை இன்சாட் செயற்கைக்கோள் வழியாக டெல்லி நிகழ்ச்சியை வாங்கி இருபது, இருபத்தைந்து கிலோமீட்டருக்கு வீசின. பக்கத்திலிருந்து தெளிவான இந்தி, தூரத்திலிருந்து புள்ளி விழுந்த தமிழ்ச் செய்தி. பல வீடுகள் ஒரே கம்பத்தில் இரண்டு ஆண்டெனா கட்டி, இரண்டையும் வைத்துக்கொண்டன. தேசிய ஒளிபரப்பைப் பற்றி அக்காலத்தில் எழுதப்பட்ட எந்த அறிக்கையையும் விட அந்தக் கம்பம் நேர்மையான அறிக்கை என்பது என் கருத்து.

எதிர்ப்பக்கமும் இதே கதைதான். யாழ்ப்பாணத்தில் மேற்கு பார்த்த உயரக் கம்பங்கள் தூர்தர்ஷனைப் பிடித்தன. வன்னியில் கொக்காவிலில் நின்ற ஒளிபரப்புக் கோபுரம் 1990இல் போரில் அழிந்தது. அதே இடத்தில் 174 மீட்டர் புதுக் கோபுரம் 2011இல்தான் எழுந்தது. இந்தப் பக்கம் கொடைக்கானல் மலையில் உயர்சக்தி ஒளிபரப்பி வந்து தென்மாவட்டங்களுக்குச் சென்னை நிகழ்ச்சியைக் கொடுத்தது. ராமேஸ்வரத்தில் 300 மீட்டருக்கு மேல் உயரமான காங்கிரீட் கோபுரம் ஒன்றையும் எழுப்பினார்கள். அவ்வளவு உயரம் எதற்கு என்று அங்கே தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குத் தோன்றும். சுற்றிலும் உள்ள மக்களைவிடக் கடல்தான் அதிகம். அது எழுந்த காலத்தில் மாடி ஆண்டெனாவின் காலம் முடிந்துகொண்டிருந்தது. 1993 தமிழ்ப் புத்தாண்டன்று சன் டி.வி. வந்தது. தெருவுக்குத் தெரு கேபிள். இரும்புக் குழாய் கொடிக்கம்பமாயிற்று, துணி காயவைக்கும் கயிற்றுக்குத் தூணாயிற்று. அலுமினியம் எடைக்குப் போனது.

வீட்டுக்குள் வைக்கிற ஆண்டெனா இதற்கெல்லாம் ஒன்றுவிட்ட உறவு. ஒளிபரப்புக் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்களின் சொகுசு அது. சேப்பாக்கம் நிலையத்தின் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற சென்னை வீடுகளில், பெட்டியின் தலையில் இரண்டு இழுப்புக் கம்பிகளை விரித்து வைத்தால் போதும். பின்னால் நீளக் கம்பி, முன்னால் குட்டைக் கம்பி எதுவும் இல்லாததால் அதற்கு முகமும் இல்லை, முதுகும் இல்லை. சுவர் அலையை விழுங்கும். எதிர்வீட்டுச் சுவர் அலையைத் திருப்பியனுப்பும். நேராக வந்ததும் சுற்றி வந்ததும் கொஞ்சம் முன்பின்னாகச் சேர, செய்தி வாசிப்பவருக்குப் பக்கத்தில் இன்னொரு மங்கலான செய்தி வாசிப்பவர் தோன்றுவார். யாராவது குறுக்கே நடந்தால் படம் ஆடும். அலுமினியத் தகடு சுற்றிப் பார்த்தார்கள், எவர்சில்வர் தட்டை முட்டுக்கொடுத்துப் பார்த்தார்கள். கம்பியை ஒருவர் தொட்டபடி நின்றால் படம் நன்றாக வரும், விட்டால் போய்விடும். அறைக்குள் அலை சுவரில் பட்டு இடத்துக்கு இடம் கூடிக் குறைந்து நிற்கும். ஒரு முழம் தள்ளி வைத்தாலே வித்தியாசம் தெரியும். தொட்டு நிற்கிற உடம்பும் அந்தக் கணக்கில் ஒரு கம்பிதான்.

இந்தப் பழைய அனலாக் ஒளிபரப்பு முறையையே உலகம் பிறகு ஒவ்வொரு நாடாக மூடியது. அமெரிக்கா ஜூன் 2009இல். ஜப்பான் ஜூலை 24, 2011இல், மூன்று மாகாணங்களைத் தவிர. அந்த மார்ச்சில் சுனாமி அடித்த இவாதே, மியாகி, ஃபுகுஷிமா மூன்றுக்கும் மார்ச் 31, 2012 வரை அவகாசம் கொடுத்தார்கள். செண்டாய் இருப்பது மியாகியில். இந்தியாவில் தூர்தர்ஷன் தன் பழைய ஒளிபரப்பிகளை, முக்கியமான எல்லைப் பகுதிகளில் சில தவிர, 2022 வாக்கில் நிறுத்தி முடித்தது. பெரும்பாலான வீடுகள் கவனிக்கவே இல்லை. அதற்கு முன்பே, பிப்ரவரி 2016இல் சென்னை உட்பட 16 நகரங்களில் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு தொடங்கியிருந்தது. சின்ன ஆண்டெனாவும் தகுந்த டியூனரும் இருந்தால் மாதக் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம் என்பதை ஊருக்குச் சொல்ல யாரும் அதிகம் மெனக்கெடவில்லை. டியூனர் உள்ள பெட்டி எது என்று கடைக்காரருக்கே தெரியாதபோது வாங்குபவர் என்ன செய்வார்?

மெனக்கெட்ட நாடு சிங்கப்பூர். அங்கே பழைய ஒளிபரப்பு 2019 பிறந்ததோடு முடிந்தது. அதற்கு முன்பே குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு ஒரு திட்டம் வைத்து டிஜிட்டல் பெட்டியும், கூடவே வீட்டுக்குள் வைக்கும் ஆண்டெனாவும் கொடுத்தது; ஆளனுப்பிப் பொருத்தியும் கொடுத்தது. வசந்தம் உள்ளிட்ட இலவசச் சேனல்கள் காற்றில் வருகின்றன. அடுக்குமாடி வீட்டின் பத்தாவது மாடியில் ஒரு தமிழ்ப் பாட்டி கேபிளும் இணையமும் இல்லாமல் தமிழ்ச் செய்தி பார்க்க முடியும், சன்னலோரம் ஒட்டிய ஒரு தட்டைத் தகட்டின் தயவில்.

தகடு அவ்வளவு சின்னதாக இருக்கக் காரணம், டிஜிட்டல் ஒளிபரப்பு 500 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே குடியேறியது. அங்கே அரை அலைநீளம் ஓர் அடிக்குள் அடங்கிவிடும். உடாவின் ஏழடிக் கம்பி தேவையில்லை. முகம் பார்த்துத் திருப்புகிற தொல்லையும் குறைந்தது. இந்த முறையில் ஒளிபரப்பி தகவல் துணுக்குகளுக்கு இடையே ஒரு சிறு இடைவெளி விட்டு அனுப்புகிறது. எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் தாமதமாக வரும் அலை அந்த இடைவெளிக்குள் வந்து சேர்ந்தால் கெடுதல் இல்லை. பெட்டி அதையும் சேர்த்துக்கொண்டு பலப்படுத்திக்கொள்ளும். மங்கலான இரண்டாவது செய்தி வாசிப்பவர் வேலை இழந்தார். பழைய சிக்னல் பலவீனமானால் புள்ளி கூடும், ஆனாலும் ஆள் தெரியும். டிஜிட்டலில் அந்த இடைநிலை கிடையாது: முழுப்படம், கொஞ்சம் குறைந்தால் கட்டம் கட்டமாக உடைந்த படம், இன்னும் கொஞ்சம் குறைந்தால் ‘சிக்னல் இல்லை’ என்ற எழுத்து.

ஆகவே இன்றும் பொருத்துபவர் பார்க்கிற விஷயங்கள் சில உண்டு. தகட்டைப் பெட்டிக்குப் பின்னால் ஒளிக்காமல் கோபுரப் பக்கத்துச் சன்னலில் ஒட்ட வேண்டும். சன்னல் கண்ணாடியில் வெயிலுக்கு உலோகப் பூச்சுப் படலம் ஒட்டியிருந்தால் வேறு சன்னல் பார்க்க வேண்டும். இரும்புக் கிராதியிலிருந்து கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். கோபுரம் பக்கத்தில் இருந்தால் பூஸ்டரைக் கழற்றிவிட வேண்டும், அளவுக்கு மீறிய சிக்னலும் பெட்டியைத் திணறடிக்கும். இடம் மாற்றிய ஒவ்வொரு தடவையும் சேனல் தேடலை மறுபடி ஓட்ட வேண்டும். பெட்டியின் மெனுவிலேயே சிக்னல் பலம், தரம் என்று இரண்டு கோடுகள் இருக்கின்றன. பலத்தைவிடத் தரத்தைப் பார்த்து நிறுத்துவது நல்லது.